கள்வனை அடையாளம் காட்டும் வைத்தியம்

மஹரகம என்ற ஊர்ப் பெயரே நமது கல்முனைக் கரையில் ஒரு நோயின் பெயராகிவிட்டது. "அவவ மஹரகமைக்குக் கொண்டு போறாங்களாம்" என்றால் வேறு விளக்கம் யாருக்கும் தேவைப்படாது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு வந்தது நமக்குப் பெரிய ஆறுதல். ஆனால் நோயாளியின் வீட்டில் இப்போது இன்னொரு பேச்சும் எழுகிறது: "இந்தியாவில நம்மட இரத்தத்தையே எடுத்து மருந்தாக்குறாங்களாம்."

இது கட்டுக்கதையல்ல சகோதரிகளே. ஆனாலும் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். காணியை விற்கும் முடிவுகள்கூட இப்படியான பேச்சில்தான் தொடங்குகின்றன.

நமது வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை ரி கலங்கள். உடலுக்குள் சுற்றித் திரியும் காவற்காரர் இவர்கள். கிருமி புகுந்த கலத்தைக் கண்டால் அழித்துவிடுவார்கள். புற்றுநோய்க் கலமோ வெளியிலிருந்து வந்ததல்ல. நமது சொந்தக் கலமே கெட்டுப்போனது. தெரிந்த முகத்தோடு வரும் கள்வனைக் காவற்காரர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் காவற்காரருக்குக் கள்வனின் அடையாளத்தைக் கொடுத்தனுப்புவதுதான் 'கார்-ரி' சிகிச்சை. நோயாளியின் குருதியை இயந்திரத்தினூடாகச் செலுத்தி ரி கலங்களைப் பிரித்தெடுத்து, மிகுதியை உடலுக்கே திருப்பி விடுவார்கள். ஆய்வுகூடத்தில், நோயை உண்டாக்கும் தன்மை நீக்கப்பட்ட ஒரு வைரஸ் மூலம் அக்கலங்களுக்குள் புதிய பரம்பரை அலகொன்று புகுத்தப்படும். அதன்பின் 'சீடி 19' என்ற அடையாளம் உள்ள கலத்தை அவை இனங்கண்டு தாக்கும். கோடிக்கணக்காகப் பெருக்கி, ஊசி மூலம் நோயாளிக்கே திரும்பக் கொடுப்பார்கள்.

அமெரிக்காவில் 2012இல் 6 வயதுச் சிறுமி எமிலி வைட்ஹெட்டுக்கு இது செய்யப்பட்டது. வேறு மருந்துகள் கைவிட்ட இரத்தப் புற்றுநோயிலிருந்து அவள் மீண்டாள். 2017இல் அம்மருந்துக்கு அங்கு அனுமதி கிடைத்தபோது விலை 4,75,000 டொலர்! நம்மைப் போன்றவர்கள் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடத்தான் முடியும்.

இந்த விலையோடு மல்லுக்கு நின்றவர் பேராசிரியர் ராகுல் புர்வார். ஹாவர்டில் ஆய்வு செய்துவிட்டு 2013இல் மும்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். பரம்பரை அலகைச் சுமக்கும் வைரஸை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் அங்கேயே தயாரிக்க முயன்றது அவரது குழு. அவரது மாணவி அல்கா திவிவேதி இந்த முயற்சியில் முக்கிய பங்காளி. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்துக்குச் சென்று பயின்று வந்த பெண் அவர். பெயர் பெரிதாக வெளியே தெரியாவிட்டாலும் இப்படிப்பட்டவர்களின் இரவு பகலான உழைப்பில்தான் ஒரு மருந்து பிறக்கிறது.

டாடா நினைவு வைத்தியசாலையோடு இணைந்து 2021இல் முதல் நோயாளிக்கு இம்மருந்து கொடுக்கப்பட்டது. 'நெக்ஸ்கார் 19' என்ற பெயரில் 2023 ஒக்டோபரில் இந்திய அரசு அனுமதி வழங்கியது. விலை சுமார் 42 இலட்சம் இந்திய ரூபாய். அமெரிக்க விலையில் பத்திலொன்று என்றாலும், நமது காசில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. மலிவு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

2025இல் வெளியான ஆய்வு முடிவில், பலனை அளவிட முடிந்த 51 பேரில் 73 வீதமானோருக்கு நோய் முழுதாகவோ பகுதியாகவோ பின்வாங்கியிருந்தது. இருவர் சிகிச்சையின் பாதிப்பாலேயே இறந்தனர். உள்ளே சென்ற கலங்கள் போரிடும்போது கடுங்காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். நல்ல பி கலங்களிலும் 'சீடி 19' இருப்பதால் அவையும் அழியும். பின்னர் தொற்றுக்கள் எளிதில் பிடிக்கும்.

இந்த மருந்து பி கலத்திலிருந்து தோன்றும் சில இரத்த, நிணநீர்ப் புற்றுநோய்களுக்கு மட்டுமே. அதுவும் முந்திய சிகிச்சை பலிக்காதவர்களுக்கும் நோய் திரும்பியவர்களுக்கும். 15 வயதுக்கு மேற்பட்டோருக்கே அனுமதி. மார்பகக் கட்டிக்கு இதனால் பயனில்லை. அதற்கு இன்றும் நேரத்தோடு காட்டுவதே வழி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கோ நிர்ப்பீடனத்தை முன்கூட்டியே பழக்கும் தடுப்பூசி இருக்கிறது. நமது நாட்டில் 2017 முதல் 6ஆம் தர மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். ஒன்றரைக் கோடிக் கதையைக் கேட்டுவிட்டு அந்த ஊசிப் படிவத்தில் கையெழுத்து வைக்கத் தயங்கும் உம்மாமாரை என்ன சொல்வது!

இன்னொன்று. 'நிர்ப்பீடனத்தைக் கூட்டும்' என்று போத்தலிலும் பவுடரிலும் விற்பவை இந்த வைத்தியத்தோடு எந்த உறவும் இல்லாதவை. இரத்தப் புற்றுநோயில் பலருக்கு வெண்கலங்கள் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சியிருக்கின்றன. அங்கே குறைவது எண்ணிக்கையல்ல, இனங்காணும் திறன்.

வீட்டில் யாருக்காவது இந்நோய் இருந்தால், கடல் தாண்டும் முன் சிகிச்சையளிக்கும் வைத்தியரிடமே கேளுங்கள்: இது பி கல வகையா, 'சீடி 19' பரிசோதித்தாயிற்றா, இங்கே கொடுக்க வேண்டிய மருந்துகள் எல்லாம் முடிந்துவிட்டனவா என்று. என்புமச்சைப் பரிசோதனை அறிக்கையின் பிரதியொன்றையும் வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.