சுரண்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்!

உடம்பெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட நாயை மேசைமேல் ஏற்றியதும் ஓர் ஊசி. இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடும். 'கைராசிக்கார டாக்டர்' என்று தெருவே பேசும். போட்டது ஸ்டீராய்டு என்றால், அடங்கியது அரிப்பு மட்டும்தான். நோய் உள்ளேயே இருக்கும்.

டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணியை எடுத்துக்கொள்வோம். ஆரோக்கியமான நாயின் மயிர்க்கால்களிலும் சொற்பமாக வாழும். எதிர்ப்புச் சக்தி குறைந்தால் பல்கிப் பெருகி, முடியைக் கொட்டவைக்கும். எதிர்ப்புச் சக்தியைத்தான் ஸ்டீராய்டு குறைக்கிறது! கண்டுபிடிப்பதோ எளிது. தோலை விரலால் பிதுக்கி, மழுங்கிய பிளேடால் லேசாக ரத்தம் கசியும்வரை சுரண்டி, எண்ணெய்ச் சொட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சுருட்டு மாதிரி நீண்ட உடலும் குட்டைக் கால்களுமாக நெளியும். சில நிமிட வேலை. இதைத் தவிர்ப்பதற்குக் காரணமே இல்லை.

காதோரத்திலும் முழங்கையிலும் பொருக்குத் தட்டினால் சார்கோப்டஸ் சொறியாக இருக்கலாம். காது மடலைத் தேய்த்தால் பின்னங்கால் தானாகச் சொறிய எழும். வளர்ப்பவர் கையிலும் தடிப்பு வந்திருக்கலாம். இது சுரண்டலில் அடிக்கடி தப்பிவிடும் என்பதால், சந்தேகம் வலுத்தால் மருந்து கொடுத்தே பார்ப்பார்கள். வாலடியில் முடி கொட்டினால் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். சீப்பில் விழும் கரும்பொடி, ஈரப் பஞ்சில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சி கழித்த ரத்தம்.

பூனைகளில் எனக்குப் பெரிய கவலை படர்தாமரை. பெர்சியன் பூனைகள் வெளியே எதுவும் தெரியாமலே பூஞ்சையைச் சுமக்கும், குழந்தைகளுக்கு ஒட்டும். புறஊதா விளக்கில் முடி ஆப்பிள் பச்சையாக ஒளிரலாம், ஒளிராமலும் போகலாம். முடியை எடுத்துப் பூஞ்சை வளர்த்துப் பார்க்க மூன்று வாரம்வரை ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கித் தடவுகிறோம். சிவப்பு மங்கும், பூஞ்சை பரவும். பூனை அதை நக்கி விழுங்கவும் செய்யும்.

'துடிக்கிற பிராணிக்கு உடனே நிவாரணம் வேண்டாமா?' என்று மருத்துவர்கள் கேட்பதும் நியாயமே. ஒவ்வாமை என்று தெரிந்தபின் ஸ்டீராய்டுக்கு இடம் உண்டு. எந்த ஊசியானாலும் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.