அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்களும் சிகிச்சையே

முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்வது என்று முடிவெடுத்த நோயாளிகளும் குடும்பத்தினரும் எங்களிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எப்போது நாள் தருவீர்கள்?" பல ஆண்டுகளாக வலியைப் பொறுத்துக்கொண்டவர்கள் அந்த நாளை எதிர்பார்த்திருப்பது இயல்பே. ஆனால் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை அதிகமாக இருக்கிறது, ஆறு வாரம் கழித்துச் செய்யலாம்" என்று மருத்துவர் கூறும்போது பலர் மனம் தளர்ந்துவிடுகின்றனர். மகன் ஆலையில் விடுப்பு வாங்கியிருப்பார். ஊரிலிருந்து மகள் உதவிக்கு வந்திருப்பார். எல்லாம் வீணாயிற்றே என்ற வருத்தத்தில், சிலர் தமக்குச் சிகிச்சையே மறுக்கப்பட்டதாக எண்ணி வேறு இடம் தேடிப் போகின்றனர்.

அவ்வாறு எண்ண வேண்டாம் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம். காத்திருக்கும் அந்த வாரங்களும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அறுவை அரங்கில் நடப்பது மருத்துவர்களின் பொறுப்பு. அதற்கு முந்தைய வாரங்களில் நடப்பதோ பெருமளவு நோயாளியின் கையிலும் குடும்பத்தின் கையிலும் இருக்கிறது.

ஏன் காத்திருக்கச் சொல்கிறோம்?

கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அறுவை சிகிச்சையை விரைவில் செய்ய வேண்டும். அங்கே காலம் கடத்துவது ஆபத்து. மூட்டுத் தேய்மானம் அப்படிப்பட்டதன்று. பல ஆண்டுகளில் மெல்ல வளர்ந்த அந்நோய்க்குச் சில வாரங்கள் காத்திருப்பதால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. உடலைத் தயார் செய்யாமல் அறுவை செய்துகொள்வதில்தான் ஆபத்து அதிகம்.

நாங்கள் மிகவும் அஞ்சுவது கிருமித்தொற்றை. செயற்கை மூட்டு உலோகத்தாலும் உறுதியான பிளாஸ்டிக்காலும் ஆனது. அதற்குள் இரத்த ஓட்டம் இல்லை. கிருமிகள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு படலம்போல் படர்ந்துவிட்டால், இரத்தத்தின் வழியே வரும் மருந்தும் உடலின் எதிர்ப்பு அணுக்களும் அவற்றை எளிதில் அழிக்க இயலாது. அப்போது மூட்டைத் திறந்து கழுவ வேண்டியிருக்கும். சில சமயம் பொருத்திய மூட்டையே அகற்றி, பின்னர் மீண்டும் ஓர் அறுவை செய்ய நேரும். இத்தகைய தொற்று சிலருக்கே ஏற்படுகிறது. எனினும் ஏற்பட்டால் அக்குடும்பம் படும் துன்பம் பெரிது. கட்டுப்படாத சர்க்கரை, இரத்தசோகை, புகையிலை, ஆறாத புண், சொத்தைப் பல் ஆகிய ஒவ்வொன்றும் இந்த ஆபத்தைக் கூட்டக்கூடும். இவை அனைத்தையும் முன்கூட்டியே சரிசெய்ய இயலும் என்பதே நல்ல செய்தி.

சர்க்கரையும் இரத்தமும்

சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் எச்பிஏ1சி என்னும் பரிசோதனையைச் செய்கிறோம். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சர்க்கரை சராசரியாக எந்த அளவில் இருந்தது என்பதை அது காட்டும். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்பவை. அவற்றின்மேல் படிந்த சர்க்கரையையே இப்பரிசோதனை அளக்கிறது. ஆகவே பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் மட்டும் பத்தியமிருந்து பயனில்லை. இந்த அளவு 7.5 அல்லது 8 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றே பல எலும்பியல் மருத்துவர்கள் விரும்புகின்றனர். உங்களுக்கான இலக்கை உங்கள் மருத்துவர் கூறுவார். மாத்திரையோ இன்சுலினோ, வேளை தவறாமல் எடுத்துக்கொள்வதே முதல் வேலை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. அறுவையின்போது ஓரளவு இரத்தம் இழக்கப்படும் என்பதால், சோகையோடு வருபவருக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை கூடுகிறது. எழுந்து நடக்கவும் களைப்பு தடையாகிறது. சோகைக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவா, வேறு நோயா என்பதை முதலில் கண்டறிய வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மாத்திரையுடனோ உணவு முடிந்த உடனேயோ தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

புகையிலை

இப்பகுதியில் ஆலைகளிலும் துறைமுகத்திலும் லாரிகளிலும் பணிபுரிந்த பலருக்குப் பீடி, சிகரெட் பழக்கம் உண்டு. மாவா போன்றவற்றை வாயில் அடக்கும் பழக்கமும் உண்டு. நிகோடின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தம் சுமந்து செல்லும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. புண் ஆறத் தேவையான இரண்டும் இவ்வாறு குறைந்துபோகின்றன.

டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருந்த புகைப்பழக்கமுள்ள 120 பேர் அதில் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு 6 முதல் 8 வாரங்கள் முன்பே, புகைப்பதை நிறுத்தவோ பாதியாவது குறைக்கவோ உதவி அளிக்கப்பட்டது. அவர்களில் 18 விழுக்காட்டினருக்கே அறுவைக்குப் பின் சிக்கல்கள் ஏற்பட்டன. அவ்வுதவி பெறாத பிரிவில் 52 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டன. சில வாரங்கள் இவ்வளவு வேறுபாட்டைத் தர இயலும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். நிறுத்துவது கடினமாக இருந்தால் வெட்கப்படாமல் எங்களிடம் கூறுங்கள். 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

தசையை வலுப்படுத்துதல்

"நடந்தால் மூட்டு இன்னும் தேயும்" என்று அஞ்சி அசையாமல் உட்கார்ந்துவிடுவோர் பலர். இதனால் தொடையின் முன்பக்கத் தசை மெலிந்துபோகிறது. புதிய மூட்டைத் தாங்கி, உங்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்தப்போவது அத்தசையே. அறுவைக்குப் பின் சில வாரங்கள் அது மேலும் தளர்ந்திருக்கும். ஆகவே முன்கூட்டியே வலுவைச் சேர்த்து வைப்பது, முதல் வாரங்களில் எழவும் நடக்கவும் துணைசெய்யும். இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு, கீழ்க்காணும் எளிய பயிற்சிகளை நாள்தோறும் செய்யலாம்.

கால்களை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். முழங்காலால் துண்டைக் கீழே அழுத்தி, ஐந்து வினாடி நிறுத்தி, தளர்த்துங்கள். அடுத்து, ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, மற்றொரு காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து வினாடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். மூன்றாவதாக, சுவரையொட்டிப் போட்ட உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, மெல்ல அமருங்கள். ஒவ்வொன்றையும் பத்து முறை வரை, காலையும் மாலையும் செய்தால் போதும். லேசான வலியைப் பொருட்படுத்த வேண்டாம். மறுநாளும் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். நடைப்பயிற்சிக்குக் கன்டெய்னர் லாரிகள் செல்லும் பொன்னேரி நெடுஞ்சாலையைத் தவிர்த்து, வெயில் ஏறுமுன் உட்தெருக்களைப் பயன்படுத்துங்கள்.

உணவும் எடையும்

ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. எடை கூடியவர்கள் சோற்றின் அளவையும் எண்ணெயில் பொரித்தவற்றையும் குறைப்பது நல்லது. ஆனால் அறுவைக்குச் சற்று முன்பு பட்டினி கிடந்து எடை குறைக்கக் கூடாது. தசையும் சேர்ந்து கரைந்துபோகும். புண் ஆறப் புரதம் தேவை. மத்தி, நெத்திலி, முட்டை, பருப்பு, சுண்டல், முருங்கைக் கீரை ஆகியவை நம் பகுதியில் எளிதில் கிடைப்பவை. சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.

மருந்து, தோல், பல்

நீங்கள் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரைகளையும் சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளையும் அறுவைக்குச் சில நாட்கள் முன்பே நிறுத்தவோ மாற்றவோ வேண்டியிருக்கும். எதை, எந்த நாளில் என்பதை மருத்துவரே கூற வேண்டும். நீங்களாக நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ நேரக்கூடும். மூட்டுவலிக்கென வாங்கி உண்ட பொடி, உருண்டை எதையும் மறைக்காதீர்கள். பெயரில்லாமல் விற்கப்படும் அத்தகைய மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அண்மையில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் கூறுங்கள். அதன்பின் மூன்று மாதங்கள் கழித்து அறுவை செய்வதே பாதுகாப்பு.

பாதவெடிப்பு, விரலிடுக்குப் புண், கொப்புளம், சிறுநீர் எரிச்சல், பல்வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் முன்பே காட்டிச் சிகிச்சை பெறுங்கள். அறுவை செய்யும் காலில் வீட்டில் சவரம் செய்ய வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் வழியே கிருமிகள் நுழையும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முழங்கால் மாற்றியபின் தரையில் அமர்வதும் குந்துவதும் நல்லதன்று. வீட்டில் உள்ளது இந்திய முறைக் கழிப்பறை என்றால், அதன்மேல் வைக்கும் கமோடு நாற்காலியை முன்பே வாங்கி வையுங்கள். படுக்கையைத் தரையிலிருந்து கட்டிலுக்கு மாற்றுங்கள். கால் இடறும் மிதியடிகளையும் மின்கம்பிகளையும் அகற்றி, குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். வாக்கரைப் பிடித்து நடக்க இப்போதே பழகிக்கொள்ளுங்கள். மாடியில் குடியிருப்போர், முதல் சில வாரங்கள் எங்கே தங்குவது என்பதை முன்பே பேசி முடிவுசெய்ய வேண்டும். தரைத்தளத்தில் இருப்போரோ மழைக்காலத்தையும் கருத வேண்டும். 2015-இலும் 2021-இலும் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் மணலி புதுநகர்த் தெருக்களுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அறுவை நாள் அமைந்தால், வெள்ளம் வந்தால் நோயாளியை எங்கே கொண்டுசெல்வது என்பதைச் சிந்தித்து வையுங்கள்.

குடும்பத்தினருக்கு

இந்த வாரங்களில் நோயாளிக்குத் தேவைப்படுவது அறிவுரையைவிடத் துணை. உடன் நடந்து செல்லுங்கள். பயிற்சியின்போது எண்ணிச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் உண்ணும் உணவையே மாற்றியமையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையோ இஎஸ்ஐ உரிமையோ இருந்தால், முன்அனுமதிக்கான தாள்களை இக்காலத்திலேயே சரிபார்த்துவிடலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. வெளியே வர இயலாதோர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதுபற்றிக் கேட்கலாம்.

அடுத்த முறை "இன்னும் ஆறு வாரம்" என்று மருத்துவர் கூறினால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "எந்த அளவு எவ்வளவுக்கு வர வேண்டும்? அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" விடையைத் தாளில் எழுதித் தரச் சொல்லிப் பெற்றுக்கொள்ளுங்கள். அத்தாளை வீட்டுச் சுவரில் ஒட்டிய நாளிலிருந்தே உங்கள் சிகிச்சை தொடங்கிவிடுகிறது.