செயலி மாறலாம்; பதிவு தொலையலாமா?

உணவுத் தட்டைத் திறன்பேசியில் படம் எடுத்தால், அதில் எத்தனை கலோரி இருக்கிறது என்பதைச் சில விநாடிகளில் சொல்லிவிடும் செயலிகள் இன்று பெருகிவிட்டன. பெருகிய வேகத்திலேயே அவற்றுள் சில நலிந்தும் வருகின்றன. முதலில் இலவசமாக இருந்த வசதி கட்டணத்துக்கு மாறுகிறது. பிறகு விளம்பரம் மிகுகிறது. அதன்பின் உப்புமாவைச் சோறு என்றும், மோரைப் பால் என்றும் காட்டும் பிழைகள் திருத்தப்படாமலேயே நீடிக்கின்றன. மருத்துவரின் அறிவுரைப்படி இரண்டு ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் செயலியும் இப்போது இந்த நிலையில்தான் இருக்கிறது. அதற்கு மாற்றாக எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை ஆராயப் புகுந்தபோது, தொழில்நுட்பத்தைவிடப் பொருளியலே அதற்குக் கூடுதலாக விடை தருவதை உணர்ந்தேன்.

இது சிலரின் பொழுதுபோக்கு சார்ந்த சிக்கலன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை மேற்கொண்டு, 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இவர்களில் பலருக்கு உணவுக் குறிப்பு என்பது மருந்துச் சீட்டுக்கு நிகரான ஆவணம். அது நின்றுபோனாலோ தொலைந்துபோனாலோ, மருத்துவரின் முன் நோயாளி மீண்டும் ஊகத்தைத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

முதலில், இச்செயலிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 2011-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'பிளேட்மேட்' என்ற முறையை உருவாக்கினார்கள். அதில் படத்தைப் பார்த்து உணவை இனங்கண்டு அளவைக் கணித்தவர்கள், இணையம் வழியே சிறு கூலிக்கு அமர்த்தப்பட்ட மனிதர்கள். 2015-இல் கூகுள் ஆய்வாளர்கள் இதே பணியைக் கணினியிடம் ஒப்படைக்கும் ஆய்வை வெளியிட்டார்கள். இன்றைய செயலிகள் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் அந்தப் பாதையிலேயே நடக்கின்றன. பணி மூன்று படிகளைக் கொண்டது: இது என்ன உணவு என இனங்காண்பது, எவ்வளவு இருக்கிறது என மதிப்பிடுவது, ஓர் உணவுப் பட்டியலில் தேடி, அந்த அளவுக்கு எத்தனை கலோரி எனக் கணக்கிடுவது.

இம்மூன்றில் முதல் படியில் கணினி வெகுவாகத் தேறிவிட்டது. இடர்ப்பாடு மற்ற இரண்டில்தான். தட்டையான படத்தில் கிண்ணத்தின் ஆழம் தெரியாது. குழம்புக்கு அடியில் இருக்கும் சோறும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய் தெரியாது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 40 கலோரி உண்டு. ஒரு தேக்கரண்டி விட்டுச் சுட்ட தோசையும் மூன்று தேக்கரண்டி விட்டுச் சுட்ட தோசையும் படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒரு தோசைக்கு 80 கலோரி வேறுபடும். மூன்று தோசை உண்பவருக்கு அது 240 கலோரி.

மூன்றாம் படியில் நேரும் பிழை இன்னும் பெரிது. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி இருக்கிறது. அதே எடையுள்ள அரிசியில் சுமார் 350. பட்டியலில் 'அரிசி' என்பதற்கும் 'சோறு' என்பதற்கும் இடையே செயலி தடுமாறினால், 150 கிராம் சோற்றின் கணக்கில் மட்டும் 300 கலோரிக்கு மேல் பிசகிவிடும். உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் ஒரு நாளில் குறைத்துக்கொள்ள முயலும் அளவே 300 முதல் 500 கலோரிதான் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கலோரி என்ற அளவுகோலும் தன்னளவில் துல்லியமானதன்று. மாவுச்சத்து, புரதம் ஆகியவற்றுக்கு கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற கணக்கு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் மேற்கொண்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. இக்கணக்கு பாதாம் பருப்பின் கலோரியை 32 விழுக்காடு மிகையாகக் காட்டுகிறது என்று அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வு 2012-இல் கண்டறிந்தது. ஆகவே, '437 கலோரி' என்று ஒற்றை எண் வரை சொல்லும் செயலியைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. '400 முதல் 500 வரை' என்று சொல்லும் செயலி இருக்குமானால், அதுவே நேர்மையானது.

இனி, இச்செயலிகள் ஏன் நலிகின்றன என்று பார்ப்போம். ஒவ்வொரு படத்தையும் பகுத்தாயக் கணினித் திறன் தேவை. அதற்கு ஒவ்வொரு முறையும் செலவாகிறது. ஆனால் பயனரிடமிருந்து கிடைப்பதோ நிலையான சந்தா மட்டுமே. நாள்தோறும் நான்கு முறை படமெடுப்பவரால் நிறுவனத்துக்குச் செலவு அதிகம். ஆண்டுச் சந்தா செலுத்திவிட்டு மறந்துவிடுபவரால் ஆதாயம் அதிகம். உடற்பயிற்சிக் கூடங்களின் கணக்கும் இத்தகையதே. டெல்லாவின்யா, மால்மெண்டியர் ஆகிய பொருளியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வருகைக்கு 10 டாலர் செலுத்திப் பயிற்சி செய்யும் வாய்ப்பு இருந்தும், மாதச் சந்தா கட்டியவர்கள் அரிதாகவே சென்றதால் ஒரு வருகைக்கு 17 டாலருக்கும் மேல் செலவிட்டார்கள். நம் ஊக்கத்தை நாமே மிகையாக மதிப்பிடுவதுதான் இவ்வணிகத்தின் முதலீடு.

உடைமை மாறுவதும் மற்றொரு காரணம். இத்துறையின் மூத்த செயலிகளுள் ஒன்றான 'மைஃபிட்னெஸ்பால்' 2005-இல் தொடங்கப்பட்டது. 2015-இல் 'அண்டர் ஆர்மர்' நிறுவனம் அதனை 47.5 கோடி டாலருக்கு வாங்கியது, 2020-இல் 34.5 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் விற்றது. இடையில், 2018-இல் சுமார் 15 கோடிப் பயனர்களின் கணக்கு விவரங்கள் கசிந்தன. பொட்டலத்தின் பட்டைக்குறியை வருடி உணவைப் பதியும் வசதி 2022-இல் கட்டணத்துக்கு உட்பட்டது. நிலைபெற்ற செயலிக்கே இதுவென்றால், நேற்று முளைத்தவை குறித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நலியும் அமைப்பின் முன் ஒருவருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். 1970-இல் வெளிவந்த தம் நூலில் அவர் அவற்றை வெளியேற்றம், குரல் என்று பெயரிட்டார். அவரது கூர்மையான கருத்து ஒன்று உண்டு: தரத்தில் மிகுந்த அக்கறை கொண்டவர்களே முதலில் வெளியேறுகிறார்கள், அவர்கள் போனபின் குறைகளை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் சரிவு விரைவடைகிறது. படம் பார்த்துக் கணிக்கும் செயலிகளுக்கு இது மிகவும் பொருந்தும். 'இது உப்புமா, சோறன்று' என்று சலிக்காமல் திருத்துபவர்களால்தான் இவை செம்மைப்படுகின்றன. அவர்கள் அகன்றால் பிழை நிலைத்துவிடும். ஆதலால், திருத்தங்கள் ஏற்கப்படாமல், கேள்விகளுக்கு மறுமொழி வராமல் சில மாதங்கள் கடந்தால், காத்திருப்பதில் பயனில்லை. ஆண்டுச் சந்தாவில் எஞ்சிய மாதங்களை எண்ணித் தயங்கவும் வேண்டாம். அது மீளாச் செலவு. இனி எடுக்கும் முடிவை அது ஆளக் கூடாது.

மாற்றுச் செயலியைத் தேர்ந்தெடுக்க ஐந்து கேள்விகளைப் பரிந்துரைப்பேன். முதலாவது, பதிவுகளை வெளியே எடுக்க முடியுமா? அதாவது, கணினியில் எக்ஸெல் போன்ற மென்பொருளில் திறக்கக்கூடிய கோப்பாக நம் குறிப்புகள் கிடைக்குமா? பல செயலிகள் உள்ளே வரும் வழியை அகலமாகவும், வெளியேறும் வழியைக் குறுகலாகவும் வைத்திருக்கின்றன. சேர்ந்த முதல் வாரத்திலேயே பதிவுகளை இறக்கிப் பார்த்துவிட வேண்டும். பழைய செயலியை நீக்குவதற்கு முன்பும் இதைச் செய்வது கட்டாயம்.

இரண்டாவது, உணவுப் பட்டியல் எங்கிருந்து வந்தது? ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணை 528 உணவுப் பொருள்களின் சத்துகளை ஆய்வகத்தில் அளந்து தந்திருக்கிறது. 1918-இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் இந்த நிறுவனமாக வளர்ந்தது. கம்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை என நம் உணவுகளுக்கு இத்தகைய அட்டவணையைப் பின்பற்றும் செயலியும், யார் வேண்டுமானாலும் எதையும் எழுதிவைக்கும் பட்டியலை நம்பும் செயலியும் ஒன்றாகா.

மூன்றாவது, கணிப்பைத் திருத்த முடியுமா? படத்தை மட்டுமே நம்பாமல், எடையையும் நம் வீட்டுச் சமையற்குறிப்பையும் பதிய இடம் தர வேண்டும். எண்ணெய்க்கு ஓர் எளிய வீட்டுக் கணக்கு உண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பம் மாதம் 3 லிட்டர் எண்ணெய் செலவிட்டால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 மில்லி. அதாவது ஏறத்தாழ 200 கலோரி. எந்தப் படக்கருவியும் காட்டாத இந்த எண்ணை மளிகைச் சீட்டு காட்டிவிடும்.

நான்காவது, செயலி எதனால் பிழைக்கிறது? சந்தாவா, விளம்பரமா, நம் தரவா? இலவசம் என்றால் விலையை வேறு யாரோ வேறு வடிவில் செலுத்துகிறார்கள் என்று பொருள். என்ன உண்கிறோம் என்ற விவரம், நோயையும் பழக்கத்தையும் வருமானத்தையும் கோடிட்டுக் காட்டிவிடும். கட்டணம் செலுத்துவதாயின், தொடக்கத்தில் மாதச் சந்தாவே போதும்.

ஐந்தாவது, அது நம் சமையலறைச் சோதனையில் தேறுகிறதா? நாம் வழக்கமாக உண்ணும் பத்து உணவுகளைத் தராசில் நிறுத்து, கையால் கணக்கிட்டு, அதே உணவுகளைச் செயலிக்குக் காட்டிப் பார்க்கலாம். எப்போதும் 15 விழுக்காடு குறைத்தே சொல்லும் செயலியைக்கூட நாம் மனத்தில் ஈடுகட்டிக்கொள்ள முடியும். இன்று கூட்டியும் நாளை குறைத்தும் சொல்லும் செயலியைக் கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. நமக்கு வேண்டியது தனி எண்ணின் துல்லியத்தைக் காட்டிலும் மாதங்களின் போக்கு.

இந்த இடத்தில் இரண்டு ஆய்வுகளை எண்ணிப்பார்க்கத் தோன்றுகிறது. 1992-இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், எவ்வளவு முயன்றும் தங்கள் எடை குறையவில்லை என்று சொன்னவர்கள், தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துக் கூறியிருந்தது தெரியவந்தது. நினைவு நம்மை ஏமாற்றும் என்பதற்கு இது சான்று. 2008-இல் கைசர் பெர்மனென்டே அமைப்பின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் ஆறு நாளாவது உணவுக் குறிப்பு எழுதியவர்கள், எழுதாதவர்களைப்போல் இரு மடங்கு எடை குறைந்தார்கள். அக்காலத்தில் படம் பார்த்துக் கணிக்கும் செயலி ஏது? எழுதும் பழக்கம்தான் பயன் தந்தது. கருவி அதற்குத் துணை மட்டுமே. ஆகவே, எந்தச் செயலியும் தேறாவிட்டால் நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் தகுதியான மாற்றுதான். அதற்குச் சந்தா இல்லை. அதை யாரும் வேறொருவருக்கு விற்கவும் முடியாது. எண்ணிக்கையே மனத்தை அலைக்கழிக்கும் இயல்புடையோருக்கும், உணவை அஞ்சத் தொடங்கிவிட்ட இளையோருக்கும் செயலி, நோட்டு இரண்டுமே வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குத் தேவை மருத்துவரின் ஆலோசனை.

தனிநபர் விழிப்புணர்வோடு முடிந்துவிடும் செய்தியன்று இது. 2011 ஜனவரியில் கைப்பேசி எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. எண் நம்முடையது என்று ஆனதும், வாடிக்கையாளரைத் தக்கவைக்கச் சேவையைத்தான் மேம்படுத்த வேண்டும் என்ற நிலை நிறுவனங்களுக்கு ஏற்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் செயல்பாட்டில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள், ஒருவர் தம் தரவைப் பெற்று வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையை வழங்குகின்றன. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு மசோதாவில் இவ்வுரிமை இடம்பெற்றிருந்தது. 2023-இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரலாம். எடுத்துச் செல்லும் உரிமையைக் கோர முடியாது.

கைப்பேசி எண்ணைக் காட்டிலும் ஒருவரது உடல்நலக் குறிப்பு எவ்வகையிலும் மதிப்புக் குறைந்ததன்று. விட்டுப்போன அவ்வுரிமையை, உடல்நலத் தரவுக்கு மட்டுமாவது, சட்டத்தில் மீண்டும் சேர்ப்பது அரசின் கடமை. அதுவரை, நம் பதிவின் ஒரு பிரதியை மாதந்தோறும் நம் கையில் வைத்துக்கொள்வது நமது கடமை. செயலிகள் வரும், போகும். ஒருவர் தம் உடலைப் பற்றி நாள்தோறும் சேர்த்துவைத்த அறிவு அவற்றோடு சேர்ந்து போய்விடக் கூடாது.