45 விநாடி, 60 பாகை

படுக்கையில் புரண்டு படுத்ததும் அறையே சுழலும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பித்தம் என்பார்கள், பிரஷர் என்பார்கள். இப்படித் தலையின் நிலை மாறும்போதெல்லாம் வரும் கிறுகிறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் உள்காதில் இடம் மாறிய சுண்ணாம்புத் துகள்கள். ஒரு சிறு பையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியவை கழன்று, தலை திரும்புவதை மூளைக்குச் சொல்லும் அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடுகின்றன. அவை உருண்டால் குழாயின் திரவமும் நகரும். தலை சுழல்வதாகவே மூளை நம்பிவிடும்.

மாத்திரை கிறுகிறுப்பை மட்டுப்படுத்தலாம், துகளை நகர்த்தாது. தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை வெளியே உருட்டிவிடும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்தார். பிரான்ஸின் அலேன் செமோன் நோயாளியை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் வேகமாகப் புரட்டினார். இரண்டும் பலன் தருகின்றன, ஆனால் எல்லோருக்கும் முதல் தடவையிலேயே அல்ல. எவ்வளவு சாய்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்? உயிருள்ள ஒருவரின் காதுக்குள் துகள் போகும் பாதையைப் பார்க்க வழியில்லை.

கணினியால் அது முடிகிறது. துகளின் எடை, திரவத்தின் பிசுபிசுப்பு, குழாயின் வளைவு ஆகியவற்றைச் சமன்பாடுகளாக்கினால் துகளைப் பின்தொடரலாம். தலையைச் சாய்த்த சில விநாடி கழித்தே சுற்றல் தொடங்குவது ஏன் என்பதற்கு 2004இல் ஆய்வாளர் டாட் ஸ்குயர்ஸ் குழுவினரின் கணிதம் விடை சொன்னது: குழாயின் அகன்ற பகுதியிலிருந்து துகள் குறுகிய பகுதிக்குள் இறங்கிய பிறகுதான் அழுத்தம் ஏறுகிறது.

பிறகு ஆய்வாளர்கள் டொமினிக் ஒப்ரிஸ்ட், மைக்கேல் ஸ்ட்ரூப் குழுவினர் கணக்கோடு ஆய்வகக் குழாய் மாதிரியையும் சேர்த்து செமோன் முறையைச் சோதித்தார்கள். 2016இல் வெளியான முடிவு எளிமையானது: ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது 45 விநாடி பொறுக்க வேண்டும், தலை கிடைமட்டத்துக்கும் கீழே தாழ வேண்டும். இதிலிருந்து பிறந்ததுதான் 'செமோன் பிளஸ்'. இதில் பாதிக்கப்பட்ட பக்கம் சாயும்போது தலை கிடைமட்டத்துக்கு 60 பாகை கீழே போகிறது. துகள் வளைவின் உச்சியை நோக்கி நன்றாக முன்னேறிவிடுகிறது.

கணக்கு மட்டும் போதாது, நோயாளிக்குப் பலித்ததா என்பதே கேள்வி. 2023இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 195 பேர் சேர்க்கப்பட்டார்கள். எப்லி முறையில் குணமாகச் சராசரியாக 3.3 நாள், செமோன் பிளஸ்ஸில் 2 நாள். எழுந்தால் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சிக் கிடக்கும் முதியவருக்கு ஒரு நாள் குறைவதே பெரிய விஷயம்.

இந்த எண்கள் அரைவட்டக் குழாய்களில் பின்பக்கக் குழாய்க்கு உரியவை. கிடைக் குழாயில் துகள் சிக்கினால் அசைவுகளே வேறு; அவற்றை ஜெய்ப்பூர் மருத்துவர் அனிதா பண்டாரி முப்பரிமாணத்தில் உருவகப்படுத்திக் காட்டியிருக்கிறார். ஆகவே வீட்டில் தலையைத் திருப்பிப் பார்க்கும் முன், எந்தக் காது, எந்தக் குழாய் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.