நிழலும் திரையும் – 11: அச்சம் பிறக்கும் இடம்

மெய்ப்பாடுகள் எட்டென்று எண்ணிச் சொன்ன தொல்காப்பியனார், அவற்றுள் ஒன்றாகிய அச்சம் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்கள் உண்டென்றும், அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன என்றும் வகுத்துவைத்தார். கண்ணுக்குப் புலப்படாத தெய்வமும் பேயும் முதலாவது. காட்டு மிருகம் இரண்டாவது. பொருளையும் உயிரையும் கவர வரும் மனிதன் மூன்றாவது. நம்மை ஆளுகின்ற அதிகாரமே நான்காவது. சென்ற வாரத்தோடு குடும்பச் சித்திரங்களைப் பற்றிய பேச்சை முடித்துக்கொண்டு, இந்த வாரம் திகில் படம் என்னும் பிரிவுக்குள் காலடி வைக்கும் நமக்கு இந்தப் பழைய பாகுபாட்டைவிடச் சிறந்த வழித்துணை வேறில்லை. பேய்ப் படம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிப்பதே உயர்ந்த ரசனைக்கு லட்சணம் என்று கருதும் அன்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. நகையையும் அழுகையையும் காதலையும் கலைக்குரிய பொருளாக ஏற்றுக்கொண்ட நாம், அவற்றோடு சரியாசனம் கொடுத்து இலக்கணம் வகுத்த அச்சத்தை மட்டும் ஏன் வாசலில் நிறுத்தவேண்டும் என்று அவர்களை நான் பணிவுடன் கேட்க விரும்புகிறேன்.

2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் வெளியான ‘பீட்சா’ என்ற திரைப்படம், இந்தக் கேள்விக்கு விடையாக எடுத்துக்காட்டக்கூடிய தகுதி வாய்ந்தது. குறும்படங்களால் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெயர் பெற்ற கார்த்திக் சுப்புராஜ் என்ற இளைஞருக்கு அதுவே முதற்படம். தயாரித்த சி. வி. குமார், அதே ஆண்டில் வந்த ‘அட்டகத்தி’யின் மூலம் அப்போதுதான் தொழிலுக்குள் நுழைந்தவர். கதாநாயகனாக நடித்த விஜய் சேதுபதியோ, ‘தென்மேற்குப் பருவக்காற்’றைப் பார்த்த சிலருக்கன்றி மற்றவர்களுக்கு அறிமுகமாகாதவர். பெரிய நட்சத்திரத்தின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் போதாத தொகையான ஏறத்தாழ 1.5 கோடி இந்திய ரூபாயில் முடிந்ததாகச் சொல்லப்பட்ட அந்தப் படத்தை, விமர்சகர்கள் பெரும்பாலும் ஒரே குரலில் பாராட்டினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கன்னடமும் இந்தியும் வங்காளமும் அதைத் தத்தம் மொழியில் மீண்டும் எடுத்துக்கொண்டன. இந்தப் புகழ் எதனால் வந்தது என்று ஆராய்வது பயனுள்ள காரியம்.

மைக்கேல் என்ற இளைஞன் வீடு வீடாகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்காரன். அவன் கூட வாழும் அனு பேய்க் கதைகளில் ஆராய்ச்சி உள்ளவள். அவனோ பேய் இல்லை என்று வாயால் சொல்லி, உள்ளுக்குள் நடுங்குகிறவன். ஒரு நாள் இரவு பங்களா ஒன்றுக்குப் பொதியுடன் போகிறான். சில்லறை எடுத்துவர வீட்டுக்காரி மாடிக்குப் போகிறாள், மின்சாரம் நின்றுவிடுகிறது, கதவு திறக்க மறுக்கிறது. அதன்பின் நெடுநேரம் நமக்குக் காட்டப்படுவதெல்லாம் ஒரு மனிதனும், அவன் கையிலுள்ள ரோச் விளக்கும், அந்த விளக்கின் சிறு வட்டத்துக்கு அப்பால் விரிந்து கிடக்கும் அந்தகாரமும் மாத்திரமே.

ஒளிப்பதிவாளர் கோபி அமர்நாத் இந்தப் பகுதியில் செய்திருக்கும் காரியம் மிகுந்த விவேகமானது. வெளிச்சம் விழும் இடத்தில் ஒன்றுமில்லை என்று கண்டு நாம் ஆறுதல் அடையும் அதே கணத்தில், வெளிச்சம் விலகிப்போன இடத்தில் இப்போது என்ன இருக்கும் என்ற ஐயம் எழுகிறது. அவ்விடத்தைக் காண விளக்குத் திரும்பினால், முன்பு கண்ட இடம் இருளுக்குள் போய்விடுகிறது. ஆகவே எந்தக் கணத்திலும் வீட்டின் பெரும்பகுதி நம்முடைய கற்பனையின் ஆட்சியிலேயே இருக்கிறது. பேயின் முகத்தைச் சாயம் பூசிச் செய்து காட்டும் படம் பார்ப்பவனுக்கு ஒரு பொம்மையைக் கொடுக்கிறது. இந்தப் படமோ அவனவன் சிறுவயதில் எதற்கு அஞ்சினானோ அதையே அவனவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சந்தோஷ் நாராயணனின் இசையும் ஓயாமல் முழங்கி நம்மை அதட்டுவதில்லை. ஒரு கதவின் முனகலும், மாடிப்படியில் ஒரு காலடியும் தனித்துக் கேட்பதற்கு வேண்டிய நிசப்தத்தை அது விட்டு வைக்கிறது. விஜய் சேதுபதியின் நடிப்பில் வீரத்தின் சாயல் எங்குமில்லை. வியர்த்து, குழறி, அழுகையும் கோபமும் கலந்த குரலில் கதவை உதைத்து, சாதாரண மனிதன் ஒருவன் எப்படிப் பயப்படுவானோ அப்படியே பயப்படுகிறார். பத்துப் பேரை அடித்து வீழ்த்தும் நாயகனைப் பேய் வீட்டுக்குள் அனுப்பினால் நமக்கு அச்சம் வராது. தோற்கக்கூடியவனாகத் தெரியும் ஒருவனை அனுப்பியதிலேயே பாதி வெற்றி இருக்கிறது.

படம் வெளியாகி ஆண்டுகள் பல சென்றுவிட்டபடியால், அதன் முடிச்சை இங்கே அவிழ்ப்பதைப் பொறுத்துக்கொள்ளும்படி வாசகர்களை வேண்டுகிறேன். அவிழ்க்காவிட்டால் அதன் உண்மையான மேன்மையைச் சொல்ல முடியாது. பங்களாவில் நடந்ததாக நாம் கண்டதெல்லாம் மைக்கேல் தன் கடைக்காரரிடம் சொன்ன கதை; அவருடைய வைரங்கள் தற்செயலாகக் கைக்கு வந்தபோது அவற்றை மறைப்பதற்காக அவனும் அனுவும் கூடி இட்டுக்கட்டிய கதை. அணங்கினால் பிறந்தது என்று நாம் நம்பிய அச்சம், கள்வரால் பிறந்ததாக ஒரு கணத்தில் மாறிவிடுகிறது. பேய் பொய்யென்று தெரிந்தபின் பயமும் பொய்யாகிவிடவேண்டும் அல்லவா? ஆகவில்லை. இறுதியில் மைக்கேல் வேறொரு வீட்டுக்குப் பொதி கொண்டுபோகிறான். தான் இட்டுக்கட்டிய கதையின் சாயலில் அங்கே சம்பவங்கள் நிகழத் தொடங்குகின்றன. பொய் சொன்னவன் முதன்முறையாக மெய்யாகவே நடுங்குகிறான். அணங்கிலிருந்து கள்வருக்கும், கள்வரிலிருந்து மீண்டும் அணங்குக்குமாக, தொல்காப்பியனார் வகுத்த இரண்டு நிலைக்களன்களுக்கிடையே அந்தப் படம் நம்மை நடத்திச் சென்று, அச்சம் என்பது சொல்லப்படும் கதையில் பிறப்பது, அந்தக் கதைக்கு ஏற்கெனவே இடங்கொடுத்து வைத்திருக்கும் மனத்தில் வளர்வது என்ற உண்மையை விளங்கவைக்கிறது. ஒன்றரைக் கோடியில் ஒரு சித்திரம் இதைச் சாதித்துவிட்டது என்றால், பணத்துக்கும் அச்சத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவென்று நாம் துணிந்து சொல்லலாம்.

உலகத் திரையின் சரித்திரமும் இதற்குச் சாட்சி பகர்கிறது. அமெரிக்காவில் வல் லூட்டன் என்ற தயாரிப்பாளருக்கு, படமொன்றுக்கு 1,50,000 டொலருக்கு மேற்படலாகாது என்று ஆர்.கே.ஓ. நிறுவனம் எல்லை விதித்திருந்தது. அந்த எல்லைக்குள் ஜாக் தூர்னர் 1942இல் இயக்கிய ‘பூனை மனிதர்கள்’ என்ற படத்தில், சிறுத்தையாக மாறுகிறாள் என்று சந்தேகிக்கப்படும் பெண்ணை முன்னிட்டு, விலங்கால் வரும் அச்சம் கையாளப்படுகிறது. நீச்சல் குளத்தில் தனித்து நிற்கும் இன்னொருத்தியைச் சுற்றிச் சுவரில் நீரின் நிழல் அசைவதும், எங்கிருந்தோ ஓர் உறுமல் கேட்பதுமே அந்த இடத்தின் முழு மூலதனம். இருபது ஆண்டுகள் கழித்து, கான்சாஸ் மாநிலத்தில் கல்விப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துப் பிழைத்துவந்த ஹேர்க் ஹார்வி, உப்பேரிக் கரையில் பாழாய்க் கிடந்த ஒரு கேளிக்கை மண்டபத்தை வழியிற் கண்டு, அதன் தூண்டுதலால் ஏறத்தாழ 33,000 டொலரில் ‘ஆவிகளின் திருவிழா’வை எடுத்தார். அவர் எடுத்த ஒரே முழுநீளக் கதைப்படமும் அதுதான். வெளிவந்தபோது கவனிப்பாரற்றுப் போன அந்தப் படத்தைப் பிற்காலத்து விமர்சகர்கள் தேடியெடுத்துப் போற்றினார்கள். நம் மொழியிலும் வீணை எஸ். பாலசந்தர், ஒரு தீவு மாளிகைக்குள் உறவினர் கூட்டத்தை அடைத்து, ஒருவர்பின் ஒருவராக மரணத்துக்கு இரையாக்கி, ‘நடு இரவில்’ என்ற படத்தை எடுத்து 1970இல் வெளியிட்டார். அதைப்பற்றித் தனியே எழுதவேண்டும்.

இனி நம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருவோம். இரவின் பாடத்தை நமக்கு யாரும் திரையில் கற்றுத்தர வேண்டியதில்லை. பனங்கூடலில் காவோலை உரசும் ஓசையையும், வல்லை வெளியைத் தனியே கடக்கும்போது முனியப்பரை நினைத்து வாய்க்குள் முணுமுணுக்கும் வழக்கத்தையும், பிள்ளைப்பெற்ற வீட்டைக் கொத்திப் பேய் அண்டாதபடி காக்கும் ஆச்சிமாரின் எச்சரிக்கையையும் அறிந்தே நம் மூதாதையர் வளர்ந்தார்கள். பின்னர் 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சில துளி மண்ணெண்ணெய் ஊற்றிய விளக்கின் முன்னே ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. அந்த விளக்கு எவ்வளவு தூரம் எட்டும், அதற்கப்பால் என்ன தொடங்கும் என்பதை அந்தத் தலைமுறைக்குக் கோபி அமர்நாத்தின் காமரா சொல்லித்தரவில்லை. அவர் காட்டியதை அது உடனே அடையாளங்கண்டுகொண்டது.

ஆனால் நமக்கு நேர்ந்தது அணங்கோடு நிற்கவில்லை. தொல்காப்பியனாரின் பட்டியலில் நான்காவதாக நிற்பதை, நூலில் படித்து அறிந்தவர்கள் அல்லர் நாம். இரவில் ஒழுங்கையின் அந்தத் தொங்கலில் ஒரு நாய் குரைக்கத் தொடங்கி, அடுத்த வளவு நாய் அதை ஏற்று, அந்தக் குரைப்பு வளவு வளவாக நம் படலையை நோக்கி நெருங்கி வரும்போது, விளக்கை ஊதி அணைத்துவிட்டு மூச்சடக்கி இருந்த வீடுகள் எத்தனை! வருவது யார் என்று கண்ணால் காணாமலே, அவர்கள் எவ்வளவு தூரத்தில் வருகிறார்கள் என்று காதினால் அளந்த அந்த இரவுகளைவிடத் தேர்ந்த திகில் காட்சியை எந்தக் கலைஞன் கற்பனை செய்துவிட முடியும்? இத்தனையும் பட்டவர்களுக்குப் பேய்ப் படம் எதற்கு, அது குழந்தை விளையாட்டு அல்லவா என்று சிலர் கேட்கலாம். பட்டவர்களுக்கே அது வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வாழ்க்கையில் வந்த அச்சத்துக்கு நாம் கேட்டபோது கதவு திறக்கவில்லை. கலையில் வரும் அச்சத்துக்குள் நாமே விரும்பிப் புகுகிறோம், அது முடியும்வரை பக்கத்தில் உறவினரோடு இருந்து அதை முகங்கொண்டு பார்க்கிறோம், பின்னர் எழுந்து வெளியே வருகிறோம். ஒரு பயத்தை இவ்வாறு முழுமையாகப் பார்த்து முடித்தவனுக்கே அதைப்பற்றிப் பேசும் நாவும் வாய்க்கிறது.

இங்கே நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கைத் தமிழ்ச் சினிமா 1962இல் ‘சமுதாயம்’ என்ற பெயரில், 16 மில்லிமீற்றர்ச் சுருளில், சிறிய பொருட்செலவில் பிறந்தது. இன்று குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் நம்மூரில் பலர். 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழாவும் நடக்கின்றது. பணமில்லை என்ற குறையை அவர்கள் வாயிலிருந்து அடிக்கடி கேட்கிறேன். இருள் இலவசமாகக் கிடைக்கும் ஊரில், அச்சத்தை எடுப்பதற்குப் பணம் தடையாக இருக்கலாகாது. இருக்கும் சிறு பணத்தை முகச்சாயத்திலும் இரத்தத்திலும் கரைக்காமல், நல்ல ஒலிப்பதிவில் செலவிடட்டும். இரவின் ஓசைகளை ஊர் ஊராகப் போய்ச் சேகரிக்கட்டும். தோற்கக்கூடிய ஒரு மனிதனை நடுவில் நிறுத்தட்டும்.

பாழ்வீட்டைத் தேடுவோருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. ‘பீட்சா’வின் பங்களா கதைக்காக வெறுமையாக்கப்பட்டது, வலிகாமம் வடக்கில் கூரை போய், சுவர் பிளந்து ஆல் வேரோடி நின்ற வீடுகளோ, 1990இல் உடுத்த துணியோடு வெளியேறிய குடும்பங்களின் சொந்த வீடுகள். அவற்றைக் கண்டவுடன் பேய் வீடு என்று காமராவைத் தூக்குவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அநீதி. இந்தக் குசினியில் சமைத்தவள் யார், இந்தத் திண்ணையில் இருந்து பத்திரிகை வாசித்தவர் எங்கே போனார் என்று முதலில் விசாரித்து அறிந்தவனுக்கே அந்த வாசலைக் கடக்க உரிமை உண்டு. அவ்வாறு அறிந்தபின் அவன் எடுக்கும் படத்தில் அச்சத்தோடு துக்கமும் சேர்ந்து வரும், அது அந்தப் படத்தை இன்னும் உயர்த்தும்.

அணங்கைத் தமிழ்நாட்டார் எடுத்துவிட்டார்கள். கள்வரை உலகமே எடுத்துக்கொண்டிருக்கிறது. நான்காவது நிலைக்களனாகிய இறையச்சத்தை, பிரசங்கமும் கூச்சலும் இல்லாமல், ஒரு வீடும் ஓர் இரவும் சில ஓசைகளும் கொண்டு எடுப்பதற்கு நம்மைவிட உரிமையும் அனுபவமும் உடையவர்கள் அதிகம் பேர் இருக்கமுடியாது. அந்தப் படம் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும் என்று நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன்; வரும் என்றும் நம்புகிறேன்.

அடுத்த வாரம்: வீணை எஸ். பாலசந்தரின் ‘நடு இரவில்’

(தொடரும்)