ஏட்டுச் சுரைக்காயும் சந்திர மண்டலமும்

சென்ற தவணையில் ஒருநாள், உயர்தர வகுப்பிலே இயக்கவியற் கணக்கொன்றைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவனின் தலை நெடுநேரமாக நிமிரவேயில்லை. அருகிற் சென்று பார்த்தேன். பாடப்புத்தகத்தின் மறைவிலே கதைப்புத்தகம் ஒன்று விரிந்து கிடந்தது. பீரங்கிக் குண்டுக்குள் இருந்துகொண்டு மனிதர் சந்திர மண்டலத்துக்குப் பயணஞ் செய்யுங் கதை அது. புத்தகத்தைப் பறித்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது, தம்பி” என்று ஒரு சொல்லுஞ் சொன்னேன். வகுப்பு முழுவதுஞ் சிரித்தது. அவன் மாத்திரம் சிரிக்கவில்லை.

பாடசாலை கலைந்த பின்னர் அப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நானும் அவன் வயதில் அதனை ஒளித்து வைத்துப் படித்தவன்தான் என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ண் அக்கதையை 1865ஆம் ஆண்டில் வெளியிட்டார். அமெரிக்காவின் புளோரிடாப் பகுதியிலே 900 அடி நீளமான பீரங்கியொன்று நிலத்துள் நேராக வார்க்கப்படுகின்றது. அலுமினியத்தாலான குண்டினுள்ளே மூவர் ஏறி அமருகின்றனர். விநாடிக்கு 12,000 யார் என்னும் வேகத்திற் குண்டு சந்திரனை நோக்கிப் பாய்கின்றது. 1870இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில், அம்மூவரும் சந்திரனைச் சுற்றித் திரும்பிப் பசுபிக் சமுத்திரத்தில் விழுகின்றனர். கப்பலொன்று அவர்களை மீட்கின்றது. கதை வெளிவந்து நூறு ஆண்டுகளுக்குப் பின், 1968ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அப்பல்லோ 8 என்னும் விண்கலம் புளோரிடாவிலிருந்தே புறப்பட்டது. அதிற் சென்றவரும் மூவரே. சந்திரனைச் சுற்றி மீண்டு, பசுபிக் சமுத்திரத்திலேயே அவர்களும் வந்து விழுந்தனர்.

இவ்வொற்றுமைகளைக் கண்டு வியப்போர் பலர். ஆனால், என்னைச் சிந்திக்க வைத்தது வேர்ணின் சரியான ஊகங்களன்று. அவருடைய பெரும் பிழையே.

அப்பிழையை வாசகர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 900 அடி என்பது 300 யார். குண்டு ஓய்விலிருந்து புறப்பட்டு, குழாயின் வாயை அடையும்போது விநாடிக்கு 12,000 யார் வேகத்தைப் பெறவேண்டும். சராசரி வேகம் 6,000 யார். ஆகவே குழாயைக் கடக்கும் நேரம் ஒரு விநாடியில் இருபதிலொரு பங்கு. அவ்வளவு சிறு பொழுதில் அத்துணை வேகத்தைப் பெறுவதாயின், குண்டின் ஆர்முடுகல் புவியீர்ப்பின் ஆர்முடுகலைப் போல 22,500 மடங்காதல் வேண்டும். 60 கிலோகிராம் எடையுள்ள மனிதன் அக்கணத்தில் 1,350 தொன் எடையுள்ளவனாவான். வேர்ண் அதிர்ச்சியைத் தாங்குதற்கென்று குண்டினடியில் தண்ணீர் மெத்தை அமைத்திருந்தார். பாவம், அது எம்மாத்திரம்! சந்திரனைக் காணுமுன்பே பயணிகள் நசுங்கி மாண்டிருப்பர்.

இக்கணக்கைச் சிறுவனாயிருந்தபோதே செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. 1894இல் திரான்சில்வேனியாவிற் பிறந்த ஹேர்மன் ஓபேர்த் என்பவரே அவர். பதினொரு வயதளவில் வேர்ணின் கதையைப் படித்துப் படித்து மனப்பாடஞ் செய்துவிட்டார். அதன் பின்னர் எண்களைச் சோதிக்கத் தொடங்கினார். பீரங்கி மனிதனைக் கொன்றுவிடும் என்று கண்டார். அப்படியாயின் எது கொல்லாமற் கொண்டுசெல்லும் என்னும் வினா எழுந்தது. விடை ரொக்கெட் என்பதாக முடிந்தது. பிற்காலத்தில் அவ்விடயம் பற்றி அவர் எழுதிய கலாநிதிப் பட்ட ஆய்வு நிராகரிக்கப்பட்டது. அதனை 1923இல் நூலாக வெளியிட்டுவிட்டு, தம் நாட்டுக்குத் திரும்பிப் பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றினார்.

அவருக்கு முன்னரே ரஷ்யாவிற் கொன்ஸ்தாந்தீன் சியோல்கோவ்ஸ்கி என்னும் மற்றோர் ஆசிரியர் இவ்வழியிற் சென்றிருந்தார். பத்து வயதிற் கண்ட செங்காய்ச்சலால் அவர் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தார். பாடசாலைக் கல்வி தடைப்படவே, நூல்களைத் துணையாகக் கொண்டு தாமே கற்றார். கலூகா என்னும் சிறு நகரிற் கணிதம் போதித்துக்கொண்டே, காற்றில்லா வெளியிலும் ரொக்கெட் இயங்கும் என்பதைச் சமன்பாடுகளால் நிறுவி 1903இல் வெளியிட்டார். விண்வெளிப் பயணம் பற்றிய எண்ணத்துக்கு முதல் வித்தை இட்டவர் வேர்ணே என்று அவர் நன்றியோடு கூறியிருக்கின்றார்.

மூன்றாமவர் அமெரிக்கரான றொபேட் கொடார்ட். செவ்வாய்க் கிரகத்தவர் பூமியின்மேற் படையெடுத்து வருவதாக எச். ஜி. வெல்ஸ் எழுதிய நாவலே அவரை ஆட்கொண்டது. 1899ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆந் திகதி, பதினேழு வயது இளைஞனாகச் செரி மரமொன்றில் ஏறி இருந்தபோது, செவ்வாய்க்குச் செல்லத்தக்க ஒரு பொறியை அவர் மனக்கண்ணிற் கண்டார். அந்நாளை வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்து வந்தார். 1920இல் ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகை அவரை ஏளனஞ் செய்து ஆசிரிய தலையங்கம் எழுதிற்று. பாடசாலைகளில் நாள்தோறும் ஊட்டப்படும் அறிவுகூட அவரிடம் இல்லை என்பது அதன் கருத்து. கொடார்ட் தளரவில்லை. 1926ஆம் ஆண்டு மார்ச் 16ஆந் திகதி, திரவ எரிபொருளால் இயங்கும் உலகின் முதல் ரொக்கெட்டை ஏவினார். அது எழுந்த உயரம் 41 அடி. பறந்த நேரம் இரண்டரை விநாடி. 1969 யூலை 17ஆந் திகதி, அப்பல்லோ 11 புறப்பட்ட மறுநாள், அப்பத்திரிகை தன் தவறுக்கு வருத்தந் தெரிவித்தது. கொடார்ட் மறைந்து அப்போது ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கதை விஞ்ஞானத்துக்குக் கொடுத்தது போலவே, விஞ்ஞானமும் கதைக்குத் திருப்பிக் கொடுத்தது. பிரிட்ஸ் லாங் என்னும் புகழ்பெற்ற நெறியாளர், சந்திரப் பயணத்தைப் பற்றிய பேசாப்படம் ஒன்றை 1929இல் பேர்லினில் வெளியிட்டார். அதற்கு ஆலோசகராய் அமர்ந்தவர் ஓபேர்த். ரொக்கெட் எழும் காட்சியில், எண்கள் திரையிலே எழுத்தாகத் தோன்றி ஒவ்வொன்றாய்க் குறைந்து வந்து, ஈற்றில் ‘இப்பொழுது’ என்னும் சொல் தோன்றும். இன்று உலகத்தார் ரொக்கெட் ஏவும்போது எண்களைத் தலைகீழாய் எண்ணுகின்ற வழக்கம் இப்படத்தினாலேயே பரவிற்று என்பர்.

ஆயினும், கற்பனை நன்மையையே விளைவிக்கும் என்று சொல்லிவிட முடியாது. 1942ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி ஜேர்மனியர் முதன்முறையாக வெற்றியுடன் ஏவிய வீ-2 ரொக்கெட்டின் உடலிலே, அப்படத்தின் நினைவாகப் பிறைமேல் அமர்ந்த பெண்ணொருத்தியின் சித்திரம் தீட்டப்பட்டிருந்தது. ஈராண்டின் பின் அவ்வினத்து ரொக்கெட்டுகள் லண்டன் மாநகர்மீது விழுந்து மக்களைக் கொன்றன. அவற்றை ஆக்குவதற்கு அடிமைகளாய் வருத்தப்பட்ட கைதிகள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். கதையிலிருந்து கருவி பிறக்கலாம்; அக்கருவியை எதற்குப் பயன்படுத்துவது என்பதைக் கதை தீர்மானிப்பதில்லை. அங்கேதான் ஆசிரியனுக்கும் பெற்றோருக்கும் வேலை இருக்கின்றது.

மறுநாட் காலை அம்மாணாக்கனை அழைத்துப் புத்தகத்தைக் கையிற் கொடுத்தேன். “இதில் ஒரு பெரிய பிழை இருக்கின்றது. கண்டுபிடித்துக் கணக்கோடு கொண்டு வா” என்றேன். இரண்டு நாட்களின் பின் ஒரு தாளுடன் வந்தான். 22,500 என்னும் விடையை மாத்திரமன்றி, நான் கேளாத இன்னொன்றையும் அதிலே கணித்திருந்தான். இன்றைய விண்வெளி வீரர் தாங்குவது போல நான்கு மடங்கு ஆர்முடுகலுக்குள் அடங்குவதாயின் பீரங்கி எவ்வளவு நீளமாயிருத்தல் வேண்டும் என்பதே அது. விடை ஏறத்தாழ 1,540 கிலோமீற்றர். நம் இலங்கையின் நீளத்தைப் போல மூன்றரை மடங்கு.

“இவ்வளவு நீளத்துக்குக் குழாய் செய்யேலாது, சேர். அப்ப வெடிமருந்தைக் குண்டோடயே கொண்டுபோய், போகப் போகக் கொஞ்சங் கொஞ்சமா எரிக்கவேணும், என்ன?” என்று கேட்டான்.

அதுதான் ரொக்கெட் என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வகுப்பிலே நான் சொன்ன பழமொழியைப் பற்றி அவனும் பேசவில்லை; நானும் பேசவில்லை. அடுத்த பாடத்தில் அவன் கணக்கை அவனையே கொண்டு கரும்பலகையில் எழுதுவித்தேன். அன்று வகுப்பில் ஒருவருஞ் சிரிக்கவில்லை.