வெயில் இலையும் நிழல் இலையும்

உங்கள் வீட்டுக் கொல்லையிலோ பள்ளித் தோட்டத்திலோ மாமரம் இருக்கிறதா? நாள் முழுதும் வெயில் படும் வெளிக் கிளையிலிருந்து முற்றிய இலை ஒன்றும், வெயில் எட்டாத உட்கிளையிலிருந்து முற்றிய இலை ஒன்றும் பறித்து வாருங்கள். வரைபடத் தாளில் வைத்து ஒவ்வொன்றின் பரப்பையும் அளந்துகொள்ளுங்கள். நன்றாக உலர்த்தி, பள்ளி ஆய்வுக்கூடத் தராசில் எடை பாருங்கள். எடையைப் பரப்பால் வகுத்தால் வெளி இலைக்கே பெரிய எண் வரும். அதாவது, வெளி இலை தடிப்பானது. உள் இலை மெல்லியது. மரம் ஒன்றுதான், வேரும் ஒன்றுதான். பின் ஏன் இந்த வேற்றுமை?

இலையை ஓர் அரிசி ஆலையாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆலைக்கு நெல்லைக் கொண்டுவந்து சேர்க்க ஆட்கள் வேண்டும். அரைக்க இயந்திரம் வேண்டும். இலையில் ஒளியைப் பிடித்துச் சேர்ப்பது பச்சையம். அந்த ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் வேலையில் முக்கிய இயந்திரம் ரூபிஸ்கோ என்னும் நொதி.

அடர்ந்த காட்டின் தரையை எட்டுவது, மேலே விழும் ஒளியில் 1 அல்லது 2 சதவீதமே. அங்கே நெல் வரத்து மிகக் குறைவு. ஆகவே நிழல் இலை ஆட்களை அதிகமாகவும் இயந்திரங்களைக் குறைவாகவும் வைத்துக்கொள்கிறது. மெல்லியதாய் அகன்று விரிகிறது. தன் சுவாசச் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. வெயில் இலையின் கணக்கு வேறு. ஒளியைப் பற்றும் தூண் போன்ற செல்கள் அதில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகளாக நிற்கும். ரூபிஸ்கோவும் அதிகம்; கரியமில வாயு நுழையும் இலைத்துளைகளும் அதிகம்.

அப்படியும் உச்சி வெயிலைச் சமாளிப்பது எளிதன்று. அப்போது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு வினாடிக்கு விழும் கட்புலன் ஒளித்துகள்கள் எத்தனை தெரியுமா? ஒன்றுக்குப் பின்னால் 17 பூச்சியங்கள் போட்டால் வரும் எண்ணைவிடச் சற்று அதிகம்! இத்தனையையும் பயன்படுத்த எந்த இலையாலும் முடியாது. மிஞ்சிய ஆற்றல் பிராணவாயுவைத் தாக்கி, செல்லைச் சிதைக்கும் பொருள்களை உண்டாக்கும்.

இலை என்ன செய்கிறது? பசுங்கணிகங்கள் நகர்ந்து செல்லின் பக்கச் சுவர்களை ஒட்டி ஒதுங்குகின்றன. ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே நீர் வழிவது போல, மிகுதி ஆற்றலை வெப்பமாக வெளியேற்றும் ஓர் ஏற்பாடும் உண்டு. வயலாசாந்தின் என்னும் மஞ்சள் நிறமி சில நிமிடங்களில் சீயாசாந்தினாக மாறி இதற்கு உதவுகிறது.

ஆனால் மேகம் வந்து நிழல் விழுந்ததும் இந்தக் கலிங்கு உடனே மூடுவதில்லை. தேவைப்படும் ஒளியும் சற்று நேரம் வீணாகிறது. 2016-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் புகையிலைச் செடியில் மூன்று ஜீன்களின் வேலையைக் கூட்டி, கலிங்கு விரைவில் மூடும்படி செய்தார்கள். வயலில் அச்செடிகளின் உலர் எடை சுமார் 15 சதவீதம் கூடியது. உணவுப் பயிர்களிலும் இது கைகூடினால் விளைவு என்னவென்று எண்ணிப் பாருங்கள்!

சில செடிகளுக்கு நிழல் பிறவிக் குணம். நம் ஊர் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை வளர்ப்பது கொடி படர மட்டுமன்று, நிழலுக்காகவும்தான். 1963-இல் பியோர்க்மன், ஹோல்ம்கிரன் என்ற சுவீடன் விஞ்ஞானிகள், ஒரே இனச் செடிகளைத் திறந்த வெளியிலிருந்தும் நிழலிலிருந்தும் கொண்டுவந்து வலுவான ஒளியில் வளர்த்தார்கள். வெளியிலிருந்து வந்தவை ஒளிச்சேர்க்கைத் திறனைப் பெருக்கிக்கொண்டன; நிழலிலிருந்து வந்தவற்றால் அவ்வாறு இயலவில்லை.

இனி மரக்கன்று நடும்போது இதை மறவாதீர்கள். நாற்றுப் பண்ணையின் பந்தல் நிழலில் வளர்ந்த கன்றின் இலைகள் நிழல் இலைகள். முற்றிய இலை தன் தடிப்பை மாற்றிக்கொள்ள முடியாது. அதைத் திடீரென உச்சி வெயிலில் நட்டால், தண்ணீர் ஊற்றியும் இலைகள் வெளுத்துக் கருகலாம். முதலில் தென்னங்கீற்றால் மறைப்புக் கட்டுங்கள். காலை வெயிலை மட்டும் காட்டி, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். வெயிலைக் கண்டு விரியும் புதிய துளிர்கள் வெயில் இலைகளாகவே வளரும். அவை விரிந்து முற்றிய பிறகு மறைப்பை எடுத்துவிடலாம்.